வீட்டுக்கு வேண்டாம், பொம்பெய்க்குப் போவோம்

— ...தண்ணி நாலு பாட்டில், ஆளுக்கு ஒரு தொப்பி. செருப்பு தட்டையா இருக்கணும் நுன்சியா, இப்பவே சொல்லிட்டேன். அங்க ரோடு பூராவும் பாறாங்கல்லு. ஒம்பதே காலுக்கு ரயில், ரெண்டாவது ஸ்டேஷன்ல இறங்கினா எதிர்லயே வாசல். உள்ள போனதும் மொதல்ல பெரிய திடல், அப்புறம் குளியல் மண்டபம், அதைத் தாண்டினா ரொட்டிக்கடை...

— கத்தெல்லோ.

— ரொட்டிக்கடைக்குப் பின்னாடி நல்ல நெழல் இருக்காம். அங்க உக்காந்து சாப்பிடலாம்.

— கத்தெல்லோ! கையில என்ன அது, மேப்பா?

— சும்மா. காபிக்கடை ரஃபெலே குடுத்தான்.

— முப்பத்திரெண்டு வருஷமா உன்னோட குடும்பம் நடத்தறேன். நீ மேப் பாத்து நான் பாத்ததில்ல. தேன்நிலவுக்கு சொர்ரெந்தோ போறோம்னு சொல்லி சலெர்னோ பஸ்ல ஏத்தின ஆளு நீ. இப்ப என்னடான்னா கக்கூஸ் எங்க இருக்குங்கிறது வரைக்கும் பேனாவால வட்டம் போட்டு வெச்சிருக்கே.

— வயசாகுது. கக்கூஸ் முக்கியம்.

— நாம பொம்பெய்க்கு எத்தனை தடவை போயிருக்கோம்?

— கணக்கே இல்ல. வருஷா வருஷம் போறோமே.

— மாதா கோயிலுக்குப் போறோம். மெழுகுவத்தி ஏத்தறோம், வாசல்ல வறுத்த கொட்டை வாங்கிக் கொறிக்கிறோம், வீட்டுக்கு வந்துடறோம். பக்கத்துல இருக்கிற இடிஞ்ச ஊருக்குள்ள ஒரு நாளாவது கால் வெச்சிருக்கோமா? ரொஸால்பா ஆறாவது படிக்கறப்ப நான் கேட்டேன். நீ என்ன சொன்னே? ‘வேலைக்குப் போற எடத்துலதான் தினமும் இடிஞ்ச வீட்டைப் பாக்கறேனே, லீவு நாள்ல வேற பாக்கணுமா’ன்னே.

— அப்ப எனக்கு அறிவு பத்தல. கேளு, கேளு. ரெண்டாயிரம் வருஷத்து ஊரு அது. ஜப்பான்காரன் பாதி உலகத்தைச் சுத்தி ப்ளேன்ல வந்து பாக்கறான். நமக்கு ரெண்டு ஸ்டேஷன். உனக்கு வெக்கமா இல்ல?

— இல்ல.

— அதுவும் மாசத்து மொத ஞாயிறு. டிக்கெட் கிடையாது.

— அப்படின்னா நாப்போலி ஜனம் பூரா அங்கதான் இருக்கும். ஏய்யா, நம்ம ரொஸால்பாவைக் கட்டிக்கப் போற பையன் வாரம் ஆறு நாளும் அந்த மண்ணைத் தோண்டிக்கிட்டு அங்கதான் கெடக்கான். ஏழாவது நாளும் அவனை அங்கயே இழுத்துட்டுப் போறேங்கிறே. உன்னை ஒருத்தன் விருந்துக்குக் கூப்பிட்டு, வா கத்தெல்லோ, எங்க பாத்ரூம் டைல்ஸ் பாக்கலாம்னா எப்படி இருக்கும்?

— நல்ல டைல்ஸா இருந்தா போவேன்.

— விளையாடாதே. ரொஸால்பா மொத தடவையா ஒருத்தனை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றா. முப்பது வயசுல. மாதா இப்பத்தான் கண்ணைத் திறந்திருக்கா. வீட்டுக்குள்ள கால் வெச்சாத்தான்யா அவன் மாப்பிள்ளை, அது வரைக்கும் அவன் ரோட்டுல போற ஆளு. நம்ம ஊரு தொர்ரேயில எந்தக் குடும்பமாவது பொண்ணைக் கட்டிக்கப் போறவனை ரயில்வே ஸ்டேஷன்ல வெச்சுப் பாக்குமா? எங்கப்பா உன்னை எங்க வெச்சுப் பாத்தாரு, சொல்லு.

— உங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில. மூணு தட்டு பாஸ்தா நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல மனுஷன்.

— நாலாவது தட்டு நீ கேட்டப்புறம்தான் உன் பேரையே கேட்டாரு. அது மரியாதை. உன் மருமகனை நீ எங்க வெச்சுப் பேர் கேக்கப் போறே? குளியல் மண்டபத்துலயா?

— அவன் வடக்கத்திப் பையன் நுன்சியா. ஃபெர்ராராக்காரன். அங்கெல்லாம் இந்த மாதிரி கிடையாது. பேங்க்ல அக்கவுண்ட் தொறக்கற மாதிரி கல்யாணம் பண்ணிப்பாங்க. அவன் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டான்.

— எடுத்துப்பான். ரொஸால்பா எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கா. இனிப்புத் தட்டு எந்தக் கடையில வாங்கணும், மேல எந்தக் கலர் நாடா கட்டணும்னு கேட்டானாம். அவங்க அம்மா ஃபோன் பண்ணி, ‘பையன் சட்டை மேல கோட்டு போடணுமா, வேண்டாமா’ன்னு கேட்டாளாம். நானும் கறிக்கடை சீரோகிட்ட சொல்லியாச்சு. சுருட்டிக் கட்டின கறி, பன்னி விலா, உருண்டைக்குத் தனியா கொத்தினது. சனிக்கிழமை சாயந்தரம் தக்காளியில போட்டு அடுப்புல ஏத்தினேன்னா...

— எவ்வளவு சொன்னே?

— பதினாலு பேருக்கு.

— நாம நாலு பேரு.

— அதான் பதினாலு பேருக்குச் சொன்னேன்.

— சரி, அதையே டப்பாவுல அடைச்சு எடுத்துட்டுப் போவோம். ரொட்டிக்கடைப் பின்னாடி...

— ஆறு மணி நேரம் வேகற கறியை டப்பாவுல அடைச்சு, எரிமலை முழுங்கின ஊர்ல, செத்தவங்களுக்கு நடுவுல உக்காந்து சாப்பிடணுமா? மாதாவே, எனக்கு ஒண்ணும் தெரியாது பாரு, ஆனா இந்த மனுஷன் எதையோ மறைக்கிறான்.

— என்னத்தை மறைக்கிறேன்? ஒரு ஆசை. ஒருத்தனுக்கு ஆசை வரக்கூடாதா?

— அந்தப் பையன் என்ன வேலை பாக்கறான்னு ரொஸால்பா சொன்ன அன்னிக்கே உன் மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துது. நான் பாத்தேன். ஸ்பூன் கையிலயே நின்னுது.

— சூப்பு சூடா இருந்துது.

— அன்னிக்கு நாம சூப்பு சாப்பிடல. ஜன்னலைச் சாத்தி வெக்கிறேன், இப்ப சொல்லு. அவன்மேல உனக்கு என்ன?

— அவன்மேல ஒண்ணுமில்ல. அவன் பாக்கற வேலையிலதான்... கேளு. பொம்பெய்ல எத்தனை விதமான ஆளு வேலை பாக்கறான்! குடம் பாக்கறவன் இருக்கான். எலும்பு பாக்கறவன் இருக்கான். சுவத்துப் படம் பாக்கறவன் இருக்கான். நம்ம பொண்ணுக்கு அதுல ஒருத்தன் ஆப்பிட்டிருக்கக் கூடாதா? தரை பாக்கறவன்தான் ஆப்பிடணுமா? தரை, நுன்சியா! குனிஞ்சு விரலால தட்டிப் பாத்தே கீழ என்ன இருக்குன்னு சொல்லிடுவானாம். ரொஸால்பாதான் பெருமையா சொன்னா.

— அதனால என்ன? நீயும் தரை போடறவன், அவனும் தரை பாக்கறவன். பேச விஷயம் கிடைச்சுதுன்னு சந்தோஷப்படுவியா...

— இப்ப நீ எங்க நிக்கறே?

— எங்க நிப்பேன்? சாப்பாட்டு ரூம்ல, மேஜைக்குப் பக்கத்துல.

— சேவல் மேல நிக்கறே.

— என்னது?

— சத்தம் போடாதே. நீ நிக்கிற டைல்ஸுக்குக் கீழ ஒரு முழம் ஆழத்துல ஒரு சேவல் இருக்கு. மாதுளம்பழத்தைக் கொத்திக்கிட்டு நிக்குது. எல்லாம் பொடிக் கல்லுல பதிச்ச படம். சுத்தி வெள்ளைக் கல்லு, கறுப்புக் கல்லு, பட்டாணிக் கடலை அளவுகூட வராது ஒவ்வொண்ணும். கொண்டைக்கு மட்டும் செவப்பு. சுவத்துலேருந்து சுவரு வரைக்கும். ரோமாக்காரன் போட்ட தரை.

— மாதாவே.

— ரொஸால்பா பொறந்து நீ உங்கம்மா வீட்ல நாப்பது நாள் இருந்தியே, அப்ப. தரை ஓதம் அடிக்குது, பச்சைக் குழந்தைக்கு ஆகாது, நீ வர்றதுக்குள்ள நல்லாப் போட்டு வெப்போம்னு பழைய தரையைப் பேத்தேன். பேத்து, மண்ணைக் கொஞ்சம் தள்ளினேன். ஒரு கண்ணு தெரிஞ்சுது. சேவலோட கண்ணு.

— முப்பது வருஷமா ஒரு சேவல் தலைமேல நின்னு நான் மாவு பெசைஞ்சிட்டிருக்கேன்!

— தலைமேல இல்ல, வால் பக்கம்.

— ஏன்யா என்கிட்ட சொல்லல?

— உன்கிட்ட சொன்னா மாதாகிட்ட சொல்லுவே. மாதாகிட்டன்னா சத்தமா சொல்லுவே. பக்கத்து வீட்ல கேக்கும்.

— நான் என்ன அவ்வளவு...

— எதுத்த வீட்டு சபத்தீனோவை மறந்துட்டியா? கார் நிறுத்தற எடத்துல குழி தோண்டினான், சுவத்துல ஏதோ படம் தெரிஞ்சுது. நல்லவன், மறுநாளே போய் எழுதிக் குடுத்தான். தொல்பொருள் ஆபீஸ்லேருந்து வந்தாங்க, கைகுலுக்கினாங்க, நாடா கட்டிச் சீல் வெச்சாங்க. முப்பத்தோரு வருஷமாச்சு, ரொஸால்பா பொறக்கறதுக்கு முன்னாடியே. கார் உள்ளயே இருக்குது. வருஷா வருஷம் அதுக்கு இன்சூரன்ஸ் கட்டறான் பாவம். அது கார். இது வீடு. எனக்கு இருபத்தெட்டு வயசு. கையில ரெண்டு வாரத்துக் குழந்தை. வாடகைக்குப் போக வக்கில்ல. சீல் வெச்சாங்கன்னா உன்னையும் குழந்தையையும் எங்க கொண்டு போய் வெப்பேன்? பயந்துட்டேன் நுன்சியா. வேற ஒண்ணும் இல்ல, பயம்தான். ஒம்பது நாள், கதவைச் சாத்திக்கிட்டு, நான் ஒருத்தனாவே மூடினேன்.

— உடைச்சியா?

— என்ன கேட்டே?

— இல்ல, மூடறப்ப உடைச்சியான்னு...

— என்னைப் பாத்தா அதைக் கேக்கறே? முப்பத்தஞ்சு வருஷமா டைல்ஸ் போடறேன், அந்த மாதிரி ஒரு வேலை நான் பண்ணதில்ல, பண்ணவும் முடியாது. நூல் பிடிச்சாலும் அந்த மட்டம் வராது. அவன் எவனோ, என்னை மாதிரி முட்டி தேஞ்சவன், வெறும் கண்ணால போட்டிருக்கான். அவனோட வேலை மேல நான் சிமெண்டைக் கொட்டுவேனா? மொதல்ல துணி விரிச்சேன். மேல ஆத்து மணல், மூணு தடவை சலிச்சது. அதுக்கும் மேல பலகை, அப்புறம்தான் நம்ம டைல்ஸ். கீழ ஒரு சொட்டு சிமெண்ட் படல. நாளைக்கே எடுத்தாலும் ஒரு கல்லு ஆடாது.

— என்ன துணி?

— ஏதோ ஒரு துணி.

— ரூமு பூரா விரிக்கணும்னா பெரிய துணி வேணுமே.

— இருந்துது.

— கத்தெல்லோ, எங்கம்மா எனக்குச் சீரா குடுத்த ரெண்டு லினன் விரிப்பு. ஓரத்துல என் பேர் பின்னினது. பூச்சி அரிச்சுடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு நீ சொன்னது.

— ...நல்ல துணி அது. மூச்சு விடற துணி. இப்பக் கிடைக்கிறதெல்லாம்...

— பன்னெண்டு வருஷம் பின்னினா எங்கம்மா! கண்ணு போச்சு அவளுக்கு! அதைச் சேவலுக்குப் போத்திவிட்டிருக்கான்! நான் பூச்சி உருண்டையா வாங்கி வாங்கி அலமாரி பூரா அடைச்சு, முப்பது வருஷமா என் துணியெல்லாம் பூச்சி உருண்டை வாசனை!

— மெதுவா பேசு.

— பேச மாட்டேன்! ரோமாக்காரன் தரையை மறைச்சே, அது உனக்கும் அரசாங்கத்துக்கும். விரிப்பு எனக்கும் உனக்கும்.

— திருப்பி எடுத்துத் தரேன்.

— எப்ப?

— அதான் பிரச்சினை.

— ...இரு. வாசல் கதவு. வந்துட்டா. மூஞ்சியைத் துடை.

— நீ துடை. கண்ணுல தண்ணி உனக்குத்தான் வருது. ரொஸால்பா! வாம்மா! சீக்கிரம் வந்துட்டியே!

— ரயில் சரியான நேரத்துக்கு வந்துடுச்சு. எனக்கே பயமாப் போச்சு. அம்மா, ஏன் அழறே?

— வெங்காயம்.

— கையில வெங்காயம் இல்லியே.

— அரிஞ்சு முடிச்சுட்டேன்.

— சரி. அப்பா, சீரோ கடை வழியா வந்தேன். ஞாயித்துக்கிழமைக்கு ஒரு முழு மாட்டை அம்மா சொல்லி வெச்சிருக்காளாமே. எத்தோரே ஒல்லியான ஆளு, பயந்துடுவான்.

— அது பத்தித்தான் பேசிட்டிருந்தோம். கேளு ரொஸால்பா, கேளு. ஞாயித்துக்கிழமை நாம எல்லாரும் பொம்பெய்க்குப் போறோம்.

— எங்க?

— பழைய பொம்பெய்க்கு. எல்லாம் பிளான் போட்டாச்சு, இதோ மேப். அவனே நமக்குச் சுத்திக் காட்டட்டும். அவன் வேலை பாக்கற எடத்துல அவனைப் பாத்தா ஒரு மதிப்பா இருக்கும்.

— காலையிலயா? சரி, சூப்பர். அப்புறம் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுவோம்.

— சாப்பாடும் அங்கயே. நெழல் இருக்கு.

— சாயந்தரம் காபிக்கு வீட்டுக்கு.

— சாயந்தரம் உங்கம்மாவுக்குக் கால் வலிக்கும்.

— எனக்கு வலிக்காது.

— வலிக்கும் நுன்சியா. பாறாங்கல்லு.

— அப்பா, இந்த மேஜையிலதான் ஃப்ரான்காவோட வீட்டுக்காரர் மொத தடவை வந்து உக்காந்தாரு. அவ உன் அண்ணன் பொண்ணுதான். அவ அப்பா உயிரோட இல்லைன்னு நீ அவரு எடத்துல இருந்து கூப்பிட்டே. கதவைத் திறந்து, ‘இது உன் வீடு’ன்னு சொல்லி உள்ள கூட்டிட்டு வந்தே. எனக்கு அப்ப பதினேழு வயசு. நமக்கும் ஒரு நாள் அப்பா இதைச் சொல்லுவாருன்னு நெனச்சேன்.

— சொல்லுவேன்.

— எங்க? பொம்பெய் வாசல்லயா? அது உன் வீடு இல்லியே.

— ரொஸால்பா...

— நேரா கேக்கறேன், நேரா சொல்லு. உனக்கு அவன் வேண்டாமா, இல்ல அவன் இங்க வர வேண்டாமா? ரெண்டும் வேற வேற.

— அவனை நான் பாத்ததே இல்ல. வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன்?

— அப்ப இங்க வர வேண்டாம்.

— நான் அப்படிச் சொல்லல.

— வேற எப்படிச் சொன்னே? நாளைக்கு நான் அவன்கிட்ட என்ன சொல்லட்டும்? ‘இனிப்புத் தட்டை ரயில்ல தூக்கிட்டு வா, எங்க வீட்டுக் கதவு உனக்குத் திறக்காது’ன்னா? அவங்க அம்மா கேட்டா? கல்யாணத்தன்னிக்குக்கூட அவன் நம்ம வாசல்லயே நிப்பானா? நாளைக்கு எனக்கொரு குழந்தை பொறந்தா அதையும் ஸ்டேஷன்ல வெச்சுப் பாக்கறியா?

— கத்தெல்லோ. போதும். சொல்லிடு.

— நீ சும்மா இரு.

— என்ன சொல்லணும்? ஏன் ரெண்டு பேரும் தரையைப் பாக்கறீங்க? அப்பா. நான் உன் எதிர்ல நிக்கறேன். தரையில இல்ல.

— உக்காரு. உக்காரும்மா. இல்ல, இந்த நாற்காலி. சொல்றேன். நான் உனக்கு ஒரு தப்பு பண்ணிட்டேன். உனக்காகன்னுதான் பண்ணினேன், இப்ப அது உனக்கே குறுக்க வந்து நிக்குது. இந்தத் தரைக்குக் கீழ இன்னொரு தரை இருக்கு. பழசு. ரோமாக்காரன் காலத்துது. நீ பொறந்த மாசம் கிடைச்சுது. எழுதிக் குடுக்கணும், குடுக்கல. மூடிட்டேன். வீடு போயிடும்னு பயம். சட்டப்படி நான் திருடன். உன் ஆளு அதே சட்டத்துல சம்பளம் வாங்கறவன். அவன் உள்ள வந்து ரெண்டு எட்டு நடந்தான்னா காலடிச் சத்தத்துலயே கண்டுபிடிப்பான். அப்புறம் அவன் வாயைத் திறந்தா எனக்கு வீடு போகும். மூடிக்கிட்டா அவனுக்கு வேலை போகும். உன் புருஷனை மொத நாளே இப்படி ஒரு எடத்துல நிக்க வெக்கணுமா? அதான் மேப், அதான் தொப்பி, அதான் எல்லாம்.

— ம்.

— அவ்வளவுதானா? ‘ம்’தானா?

— நீ சொல்லி முடி.

— முடிச்சுட்டேன்.

— முடிக்கல. ஞாயித்துக்கிழமை எங்க போறோம்?

— எங்கயும் போகல. நுன்சியா, அந்த மேப்பைக் குடு. இதோ, கிழிச்சாச்சு. அவன் இங்க வர்றான். பதினோரு மணிக்கு வர்றான். நானே கதவைத் திறக்கறேன். மொதல்ல சாப்பாடு, அதுல மாத்தமில்ல. நாலு தட்டு சாப்பிடறானான்னு நான் பாக்கணும். காபி ஆனப்புறம், அவன் கண்டுபிடிக்கிற வரைக்கும் காத்திருக்க மாட்டேன், நானே உளியை எடுத்து நாலு டைல்ஸைத் தூக்கறேன். ‘தம்பி, இதுதான் நான் பண்ண காரியம், உன் வேலையை நீ பாரு’ன்னு சொல்லிடறேன். திங்கட்கிழமை காலையில ஆபீசுக்கு நான்தான் மொத ஆளு.

— வீட்டுக்குச் சீல் வெச்சா, கத்தெல்லோ?

— வெச்சா வெக்கட்டும். உங்கக்கா வீட்டு மாடி ரூம் சும்மாதானே கெடக்கு. இருபத்தெட்டு வயசுல பயந்தேன், சரி. அறுபதுக்குப் பக்கத்துல வந்தும் ஒரு சேவலுக்குப் பயந்து என் பொண்ணோட கல்யாணத்தை வாசல்ல நிறுத்துவேனா? ரொஸால்பா, ஏன் அழறே? நீயும் வெங்காயம்னு சொல்லாதே.

— சிரிக்கறேன்ப்பா.

— கண்ணீர் வருதே.

— ரெண்டும் சேந்து வருது. அப்பா, நான் எட்டாவது படிக்கறப்ப என் கம்மல் விழுந்து அலமாரிக்குக் கீழ உருண்டு போச்சு. அங்க சுவத்தோரம் ஒரு டைல்ஸ் இருக்கே, நீ கடைசியா வெச்சது, பலகை முடியற எடத்துல. அது கையோட வந்துடுச்சு.

— ...எந்த டைல்ஸ்?

— அந்தப் பக்கம் வெறும் மணல்தான். கையை விட்டுத் தோண்டினேன். துணி. துணியைத் தூக்கினா மாதுளம்பழம், அதைக் கொத்தற சேவலோட அலகு. கம்மலை விட்டுட்டு அதையேதான் பாத்துட்டிருந்தேன். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் பூசைக்குப் போற ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எனக்குத் தலைவலி வந்துச்சு.

— மாதாவே, நான் டாக்டர்கிட்டல்லாம் கூட்டிட்டுப் போனேனே!

— உனக்குத் தெரியுமா? இத்தனை வருஷமா தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை...

— நீ சொல்லுவேன்னு இருந்தேன். உன் பொருள் அது, நீதானே சொல்லணும். இன்னும் ஒண்ணு இருக்கு. திட்டாதீங்க. போன அக்டோபர்ல நீங்க கோயில் பஸ்ல லொரெத்தோவுக்குப் போனீங்களே, மூணு நாள்.

— ஆமா.

— எத்தோரே வந்திருந்தான்.

— எங்க?

— இங்க.

— வீட்டுக்குள்ளயா? நாங்க இல்லாதப்பயா? கத்தெல்லோ, இவ என்ன சொல்றா கேட்டியா? கறிக்கு நான் பதினாலு பேருக்குச் சொல்லி வெச்சிருக்கேன், அவன் ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டானாம்!

— இரு நுன்சியா, இரு. அவன் பாத்தானா? தரையை?

— அந்த ஒரு மூலையை மட்டும்தான். காட்டினேன். நேரா படுத்துட்டான், தரையோட தரையா கன்னத்தை வெச்சு. அரை மணி நேரம் எழுந்திருக்கல. நான்கூட சேவலைத் தேடறான்னு நெனச்சேன். அவன் நீ சலிச்ச மணலை விரல்ல எடுத்து எடுத்து பாத்துட்டிருந்தான். துணியைத் தொட்டுப் பாத்தான். சிமெண்ட் எங்கயாவது பட்டிருக்கான்னு தேடினான்.

— பட்டிருக்காது.

— படலைன்னு சொன்னான். ஆபீஸ்ல இருக்கிற ஆளுங்களே இவ்வளவு பொறுமையா மூட மாட்டாங்கன்னான். எழுதிக் குடுத்தா வீடெல்லாம் போகாது, கொஞ்ச நாள் இந்த ரூமை விட்டுக் குடுக்க வேண்டியிருக்கும்னு நெனக்கிறான். ஆனா அதை நீயாத்தான் சொல்லணும், மூடின ஆளு இருக்கறப்ப நான் முந்திக்கிட்டுச் சொல்லக் கூடாதுன்னுட்டான். ஏழு மாசமா வாயைத் திறக்கல. வெளிய தெரிஞ்சா அவன் வேலைக்கே ஆபத்து.

— ஏழு மாசமா? என்னை முன்னபின்ன தெரியாது. என் மூஞ்சியைக்கூடப் பாத்ததில்ல. எனக்காக எதுக்கு அவன்...

— அன்னிக்குத்தான்ப்பா, அந்த மணலைக் கையிலயே வெச்சுக்கிட்டு, ‘இதை இவ்வளவு பத்திரமா பாத்துக்கிட்ட மனுஷன் தன் பொண்ணை என்னை நம்பிக் குடுப்பாரா’ன்னு என்கிட்ட கேட்டான்.